கொல்லைப்புறத்து அறை யாருக்கு? (தென்னாப்பிரிக்கா, நிறவெறி, வீட்டு வேலை)

நெல்லைமகள்:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஜோகன்னஸ்பர்க் வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் வீடு மாறினோம். ஊருக்கு வடக்கே, ஜக்கராந்தா மரங்கள் நிற்கிற பழைய தெரு. 1950களில் கட்டிய வீடு. சாவி கொடுக்க வந்த தரகர் ஹால், அடுக்களை, இரண்டு குளியலறை எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கார் கொட்டகைக்குப் பின்னால், வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனியாக ஓர் அறை. "வேலைக்காரிக்குக் கட்டியது. ஆளைத் தங்க வைத்தாலும் சரி, சாமான் போட்டு வைத்தாலும் சரி" என்றார்.

உள்ளே போய் நின்றேன். ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் போட்டால் நடக்க இடமிருக்காது. சிவப்பு மெழுகு தேய்த்த சிமெண்டுத் தரை, கதவிலிருந்து கட்டில் கிடந்த இடம்வரை தேய்ந்து கறுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கழிப்பறை. கோப்பைக்கு நேர் மேலே குளிக்கிற குழாய். குளித்தால் தண்ணீர் கோப்பை மேல்தான் விழும். ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி, என் தலைக்கும் மேலே. என் மகளுக்கு எட்டு வயது. "எட்டிப் பார்க்க முடியாத ஜன்னல் எதுக்கும்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி இதைப் பற்றித் தேடியபோது ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. பீட்டர் மகுபானே 1956இல் இதே ஊரில் எடுத்தது. 'ஐரோப்பியர் மட்டும்' என்று எழுதிய பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்கிற கறுப்பினப் பெண் அந்தப் பக்கம் உட்கார முடியாமல் பெஞ்சுக்குப் பின்னால் இருந்து குழந்தையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஊட்டுவது அவள், குளிப்பாட்டுவது அவள், ராத்திரி அழுதால் எழுந்து வருவது அவள். பெஞ்சு மட்டும் கிடையாது.

தொட்டால் தீட்டு என்பதுபோல் ஒதுக்கியவர்கள் பெற்ற பிள்ளையை எப்படி அவர்கள் கையில் கொடுத்தார்கள்? அந்தப் பெண்ணின் சொந்தப் பிள்ளை அப்போது எங்கே இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வானவில்88:

அக்கா, படிக்கவே பாரமாக இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். கறுப்பர்கள் வெள்ளையர் பகுதியில் குடியிருக்கவே கூடாது என்றுதானே சட்டம்? அப்படியானால் கொல்லையில் எப்படித் தங்க விட்டார்கள்?

கரும்புத்தோட்டம்:

நேட்டாலுக்கு (தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கிற பகுதி) போன ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். அந்த வழியில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் ஊரையே இனவாரியாகக் கூறு போட்டது. இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தப் பக்கம் இந்தியருக்கு, ஊருக்கு வெளியே கறுப்பருக்கு என்று. ஆனால் வெள்ளையர் வீட்டில் வேலை செய்பவர் மட்டும் அந்த வீட்டு எல்லைக்குள் தங்கலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். விலக்கு இல்லாவிட்டால் காலையில் காபி போட ஆள் ஏது? முதலாளியோடு ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது என்பதால்தான் அறை தனியாக நிற்கிறது. ஜன்னலை உயரத்தில் வைத்ததும் கணக்குப் போட்டுத்தான். வேலைக்காரி வீட்டைப் பார்க்கக் கூடாது, வீட்டார் கண்ணில் அவளும் படக் கூடாது.

அடுக்குமாடிக் கட்டடங்களில் கொல்லை ஏது? அதனால் மொட்டை மாடியில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் கட்டினார்கள். வெள்ளையர் தலைக்கு மேலே கறுப்பர்கள் குடியேறிவிட்டார்கள் என்று அரசுக்குப் பயம் வந்தது. 1955இல் ஒரு திருத்தம் போட்டு, ஒரு கட்டடத்துக்கு ஐந்து பேருக்கு மேல் தங்கக் கூடாது என்றார்கள். 'வானத்துச் சேரிகள்' என்று சொல்லலாம், அவர்கள் வைத்த பெயரே ஏறத்தாழ அந்தப் பொருளில்தான் இருந்தது.

அந்தக் கொல்லை அறையை ஊரில் 'கயா' என்பார்கள். ஜூலு மொழியில் இகயா என்றால் சொந்த வீடு. வேலைக்கு வந்த இடத்தில் கொடுத்த அறைக்கு அந்தப் பெயர்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜோகன்னஸ்பர்க்கில் ஆரம்பத்தில் வீட்டு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1890களில் துணி வெளுத்ததும் ஜூலு ஆண்கள்தான். 'அமவாஷா' என்று அவர்களுக்கு ஒரு சங்கம்போல அமைப்பு இருந்தது. அவர்கள் நேட்டாலில் நம் இந்திய வண்ணார்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழில்முறையை எடுத்துக்கொண்டார்கள், தலைப்பாகை உட்பட, என்று வரலாற்றாசிரியர் சார்லஸ் வான் ஆன்சலன் எழுதியிருக்கிறார். பிறகு ஆண்களைத் தொழிற்சாலைகள் இழுத்துக்கொள்ள, 1930, 40களில் பெண்கள் அடுக்களைக்கு வந்தார்கள். நாற்பது வயது ஆணையும் 'பாய்' (பையன்) என்றுதான் கூப்பிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்ணையும் 'கேர்ள்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மேட்டுத்தெரு:

எல்லோருக்கும் வணக்கம். நான் 1996 முதல் 2001 வரை பிரிட்டோரியாவில் வேலை பார்த்தவன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான ஆப்பிரிக்கானர் தம்பதி, அதாவது டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர். அவர்கள் வீட்டில் சோத்தோ இனத்து அம்மா ஒருவர் 26 வருடமாக வேலை செய்தார். மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது அந்த அம்மாதான். கடைசி மகள் கல்யாணத்தில் பெற்ற தாயைவிட அவர்தான் அதிகம் அழுதார். அவர் மகனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியது அந்தப் பெரியவர். காய்ச்சல் என்றால் தன் காரில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப்போவார். "அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்று சொல்வார், சொல்லும்போது அவர் குரல் பொய் சொல்லவில்லை.

சட்டம் கொடியது, அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காக எல்லா வீட்டையும் ஒரே கரியால் பூசாதீர்கள். 26 வருடம் ஒரே வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் அங்கே பாசம் இல்லாமலா?

சட்டப்பறவை:

மேட்டுத்தெரு ஐயா, நீங்கள் பார்த்த பாசத்தை நான் மறுக்கவில்லை. அந்த 26 வருடத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மதுரையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன், சட்டப் புத்தகம் கையில் எடுக்காமல் பேச வராது.

1952இல் அவர்கள் நகர்ப்புறச் சட்டத்தின் பத்தாம் பிரிவைத் திருத்தினார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் அனுமதி இல்லாமல் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் அங்கேயே பிறந்து அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே முதலாளியிடம் 10 வருடம் இடைவிடாமல் வேலை செய்திருக்க வேண்டும். முதலாளி மாறியிருந்தால் 15 வருடம்.

ஒன்பதாவது வருடத்தில் அந்த வீட்டு அம்மாள் கன்னத்தில் அறைந்தாலும் அவர் வெளியே போவாரா? போனால் ஒன்பது வருடமும் வீண். கறுப்பினத்தவர் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம்தான் பாஸ் புத்தகம், அதில் முதலாளி மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத புத்தகத்தோடு தெருவில் போலீஸ் பிடித்தால் காவல் அறை, அபராதம், பிறகு 72 மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறு என்று முத்திரை. ஒவ்வொரு வருடமும் லட்சக்கணக்கானவர்களை இந்தப் புத்தகத்துக்காகவே கைது செய்தார்கள். அதை மக்கள் 'டோம்பாஸ்' என்றார்கள், முட்டாள் பாஸ் என்று பொருள்.

அதனால் ஒரே வீட்டில் பல வருடம் இருந்ததை வைத்து மட்டும் பாசத்தை அளக்க முடியாது. போக வழி இருந்தும் போகாமல் இருந்திருந்தால் அது வேறு. அந்த வழியைத்தான் சட்டம் அடைத்து வைத்திருந்தது. பாஸ் சட்டத்தை நீக்கியது 1986இல்தான். ஐயா சொல்கிற அம்மா 1970 வாக்கில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லைமகள் அக்கா கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பிள்ளை ஊரில், பாட்டியிடம் வளர்ந்தது. அரசு 'தாயகம்' என்று ஒதுக்கிய வறண்ட நிலங்களில், டிரான்ஸ்கையிலோ லெபோவாவிலோ. கொல்லை அறையில் புருஷனோ பிள்ளையோ ராத்திரி தங்கினால் குற்றம். போலீஸ் டார்ச் அடித்துக்கொண்டு நடுராத்திரியில் கதவைத் தட்டும். வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். சில பிள்ளைகளுக்கு அம்மாவை அடையாளம் தெரியாது.

வானவில்88:

//போனால் ஒன்பது வருடமும் வீண்//

இதை இரண்டு தடவை படித்தேன்.

கரும்புத்தோட்டம்:

சட்டப்பறவை சொன்ன முடிச்சு நம் ஆட்களுக்கும் புதிதில்லை. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் போனதிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கும் அதே கதிதான். எஜமானை விட்டு ஓடினால் கடனோ நஷ்டஈடோ கட்டித் தப்ப முடியாது, அது சிறைக்குப் போகிற குற்றம். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழர், டர்பனில் தன் வெள்ளைக்கார எஜமான் அடித்துப் பல் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்றார். வெள்ளையர் முன்னால் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தியிடமும் அப்படியே நின்றார். கட்டிக்கொள்ளச் சொன்ன பிறகுதான் கட்டினார். வேலையை விட்டு நின்றுவிட அவரால் முடியாது. காந்தி செய்ய முடிந்ததெல்லாம் வேறு ஓர் எஜமானுக்கு அவரை மாற்றிக் கொடுத்ததுதான்.

மேட்டுத்தெரு:

சட்டப்பறவை தம்பி, பத்தாம் பிரிவு விவரம் எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் அந்த நாட்டில் இருந்தும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் குறை.

ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருப்பது நேர்மையாக இருக்காது.

ஒரு நாள் அவர்கள் வீட்டில் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் சைவம் என்பதால் அந்த அம்மா பூசணிக்காயும் கீரையும் தனியாகச் செய்திருந்தார். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு என் மனைவி அடுக்களைக்குப் போனாள். சோத்தோ அம்மா பின்கதவுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு, ஓர் எனாமல் குவளை. சாப்பிட்டு முடித்ததும் அவற்றைக் கழுவி, மற்றப் பாத்திரங்களோடு அடுக்காமல், தொட்டிக்குக் கீழே சோப்புத்தூள் டப்பா பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். 1998இல் இது. மண்டேலா ஜனாதிபதியாக இருக்கிறார். யாரும் அவரை அங்கே வைக்கச் சொல்லவில்லை, வேறு இடத்தில் வைக்கவும் சொல்லவில்லை. மனைவி வீட்டுக்கு வந்து, "அந்தத் தட்டைப் பாத்தீங்களா" என்று மட்டும் கேட்டாள். எங்கள் கிராமத்தில் அவள் பார்க்காத காட்சியா? அதனால்தான் அவள் கண்ணில் பட்டது. என் கண்ணில் படவில்லை.

அந்தப் பெரியவர் நல்லவர் என்பதை இப்போதும் சொல்வேன். 26 வருடம் அந்தத் தட்டு தொட்டிக்குக் கீழேதான் இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெல்லைமகள்:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இந்தப் பதிவு போதும், இந்த இழை தொடங்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

தென்றல்_திருச்சி:

அதே தட்டு நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? அடுக்குமாடிகளில் வேலைக்கு வருபவர்களுக்கு லிஃப்ட் தனி, வேலை செய்கிற வீட்டுக் கழிப்பறைக்கு அனுமதி இல்லை. அதைப் பேசாமல் ஆப்பிரிக்காவைப் பேசுகிறோம்.

நெல்லைமகள்:

தென்றல், நீங்கள் சொல்வது உண்மை, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் இங்கே இரண்டையும் கலந்தால் இரண்டுமே அரைகுறையாகும். தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக நான் வந்து எழுதுகிறேன். இந்த அறையில் இருந்த பெண்ணைப் பற்றி இங்கே பேசி முடிப்போம்.

எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். இவர்கள் எல்லோரும் பேசாமலே இருந்தார்களா? எங்கே படித்தாலும் பாவம், பரிதாபம் என்றே வருகிறது.

கரும்புத்தோட்டம்:

பேசாமலா? அக்கா, இந்த நாட்டு வரலாற்றில் பாஸ் சட்டத்தை ஆரம்பத்திலேயே கிழித்துப் போட்டவர்கள் இந்தப் பெண்கள்.

1913, புளூம்ஃபோன்டெய்ன். ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் மட்டும் அப்போதே பெண்களுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம். ஏன் தெரியுமா? சீட்டு வேண்டுமென்றால் வெள்ளையர் வீட்டில் வேலை செய்ய வேண்டும், அதற்காகத்தான். வெளுக்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் எல்லாம் கூடி ஊர்வலம் போய்ச் சீட்டுகளைக் கிழித்தார்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். சார்லட் மக்செகே அந்தப் போராட்டத்தின் முன்னணியில் இருந்தவர்.

வருடத்தைக் கவனியுங்கள். அதே 1913இல், சில மாதம் கழித்து, டிரான்ஸ்வாலிலிருந்து (ஜோகன்னஸ்பர்க் இருந்த மாகாணம்) நம் தமிழ்ப் பெண்கள் அனுமதியில்லாமல் நேட்டால் எல்லையைத் தாண்டிச் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க் பெண். சிறையில் காய்ச்சல் கண்டு 1914 பிப்ரவரியில் இறந்தார், 16 வயது. வள்ளியம்மைக்குச் சிலை வைத்தோம், பாடப் புத்தகத்தில் படித்தோம். அதே வருடம், அதே நாட்டில், அதே மாதிரியான சீட்டுக்காகச் சிறைக்குப் போன புளூம்ஃபோன்டெய்ன் வெளுக்கிற பெண்களைப் பற்றி நம் பள்ளிக்கூடத்தில் யாராவது சொன்னார்களா? எனக்கு ஆய்வுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று வெட்கமாக இருந்தது.

அப்புறம் 1956 ஆகஸ்ட் 9. நாடு முழுக்கப் பெண்களுக்கும் பாஸ் கட்டாயமாகப் போகிறது என்றதும் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்குப் போனார்கள். லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் நான்கு பேரும் முன்னால். வெள்ளையர் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டே வந்த பணிப்பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வேலையை விட்டு வர அனுமதி கிடைக்காதவர்கள் குழந்தையோடு வந்துவிட்டார்கள். பிரதமர் ஸ்டிரைடம் அங்கே இல்லை. மனுக்கட்டுகளை அவர் அலுவலகத்தில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் இருபதாயிரம் பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். கைக்குழந்தைகளின் அழுகை மட்டும்தான் கேட்டிருக்கும்.

அதற்கு அடுத்த வருடம் அலெக்ஸாண்ட்ரா என்ற கறுப்பர் குடியிருப்பு. உங்கள் வடக்குப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அக்கா, பார்த்திருப்பீர்கள். 1957 ஜனவரியில் பேருந்துக் கட்டணத்தை 4 பென்ஸிலிருந்து 5 பென்ஸ் ஆக்கினார்கள். ஒரு பென்னிதானே என்று நமக்குத் தோன்றும். மாதக் கடைசியில் அந்த ஒரு பென்னி மிச்சமிருக்காது. 'அஸிக்வெல்வா', ஏறமாட்டோம் என்று சொல்லி நடந்தார்கள். நகரத்துக்குப் போக 15 கிலோமீட்டர், திரும்ப 15. மாதக்கணக்கில், மழையிலும் நடந்தார்கள். பாஸ் காட்டு என்று போலீஸ் வழியில் நிறுத்தும். சில வெள்ளையர்கள் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள், அவர்களையும் போலீஸ் விடவில்லை. கடைசியில் பயணிகளுக்குப் பழைய 4 பென்ஸே என்று இறங்கி வந்தார்கள்.

சட்டப்பறவை:

இதோடு வியாழக்கிழமையைச் சேர்க்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் மதியம்தான் ஓய்வு. அதனால் சபைகளில் பெண்களின் ஜெபக்கூட்டமே வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது. 'மன்யானோ' என்பார்கள். மெதடிஸ்ட் பெண்களுக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை. வாரம் முழுக்க முதலாளி கொடுத்த ஏப்ரனும் தலைத்துணியும். வியாழன் மட்டும் அவர்களே தேர்ந்துகொண்ட சீருடை. அங்கேதான் எந்த வீட்டில் சம்பளம் தரவில்லை, யார் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். கொல்லைக்கு ஒருவராகப் பிரிந்து கிடந்தவர்களுக்குச் சங்கம் அமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். தொழிற்சாலை வாசல்போல நின்று நோட்டீஸ் கொடுக்க இடமே கிடையாது.

1979க்குப் பிறகு கறுப்பினத் தொழிலாளர் சங்கங்களுக்கு அங்கீகாரம் வந்தபோதும் வீட்டு வேலையையும் பண்ணை வேலையையும் சட்டத்துக்கு வெளியே விட்டார்கள். அப்படியிருந்தும் 1986இல் நாடு தழுவிய சங்கம் கட்டினார்கள். ஃப்ளாரன்ஸ் டி வில்லியர்ஸ் பொதுச்செயலாளர். கேப்டவுனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த மர்ட்டில் விட்பூய், "நாங்கள் மட்டும் ஏன் வேறு மாதிரி நடத்தப்படுகிறோம்" என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியதில் தொடங்கி, பின்னாளில் உலக வீட்டுத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். 2023 ஜனவரியில் காலமானார்.

வானவில்88:

1994க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

சட்டப்பறவை:

சரியாகவில்லை. ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். இந்த இழைக்கே நான் வந்தது அதைச் சொல்லத்தான்.

மரியா மஹ்லாங்கு. பிரிட்டோரியாவில் ஒரே வீட்டில் 22 வருடம் வேலை செய்தவர். கண் பார்வை பாதி போய்விட்டது. 2012 மார்ச் 31 அன்று ஏணிமேல் நின்று ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சறுக்கி நீச்சல் குளத்தில் விழுந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. குளத்துக்கு வேலி கிடையாது. முதலாளி வீட்டுக்குள்தான் இருந்தார், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார். உடலைத்தான் எடுத்தார்கள்.

அவர் சம்பளத்தை நம்பியிருந்த மகள் சில்வியா நஷ்டஈடு கேட்டபோது முதலாளி தரப்பில் கொடுக்க வந்தது 5,000 ராண்ட். தொழிலாளர் துறைக்குப் போனார். வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு தரும் 1993ஆம் வருடச் சட்டத்தில் 'தொழிலாளி' யார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. தனியார் வீட்டில் வேலை செய்பவர் அதில் வரமாட்டார் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. மண்டேலா வந்து, உலகம் புகழ்கிற அரசியல் சாசனம் வந்து, 26 வருடம் அந்த ஒரு வரியை யாரும் அடிக்கவில்லை.

சில்வியாவும் வீட்டுத் தொழிலாளர் சங்கமும் வழக்கை விடவில்லை. 2020 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. இனி நடக்கும் விபத்துக்கு மட்டுமென்றால் மரியாவின் குடும்பத்துக்கே ஒன்றும் கிடைக்காது. அதனால் 1994 ஏப்ரல் 27, அதாவது எல்லா இனத்தவரும் முதன்முதலில் வாக்களித்த நாளிலிருந்தே செல்லும் என்று தீர்ப்பில் எழுதினார்கள். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி மார்கரெட் விக்டர். கறுப்பினப் பெண்கள் இனத்தாலும், பாலினத்தாலும், வர்க்கத்தாலும் ஒரே நேரத்தில் ஒடுக்கப்பட்டதை அந்தத் தீர்ப்பு பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நான் வாசித்த தீர்ப்புகளில் எனக்குத் தொண்டை அடைத்தது இதில்தான்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2002இல்தான் முதன்முதலாக வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வைத்தார்கள், நகரத்தில் முழுநேர வேலைக்கு மாதம் 800 ராண்ட். 2019இல் எல்லோருக்கும் மணிக்கு 20 ராண்ட் என்று சட்டம் வந்தபோது வீட்டு வேலைக்கு மட்டும் 15. மற்றவர்களுக்குச் சமமாக ஆக்கியது 2022இல்.

மேட்டுத்தெரு:

பாதிப் பார்வையோடு ஏணிமேல். 22 வருடம். அந்த வீட்டிலும் "குடும்பத்தில் ஒருத்தி" என்று சொல்லியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சங்கடமாக இருக்கிறது. முன்னால் நான் எழுதியதை அழிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

நெல்லைமகள்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் ஓர் அக்கா வேலைக்கு வருகிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இந்த இழையில் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்த பிறகு, கொல்லை அறையைப் பற்றி அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். அவர் புண்ணைக் கிளற எனக்கு என்ன உரிமை என்று இருந்தது. போன செவ்வாய் நான் அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவரே வாசலில் வந்து நின்றார். "கட்டில் இங்கேதான் போட்டிருப்பார்கள், செங்கல்மேல்" என்றார்.

அவர் அம்மா இந்த ஊரில்தான் வேலை செய்திருக்கிறார், இதே மாதிரி அறையில். இவர் வடக்கே கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். ஆறு வயதில் பள்ளி விடுமுறைக்கு அம்மா திருட்டுத்தனமாக ஒரு வாரம் கூட்டிவந்தாராம். டோக்கோலோஷி என்று ஒரு குட்டிப் பிசாசு ராத்திரியில் வரும், அதற்கு எட்டாதபடி கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்துவது அவர்கள் வழக்கம். போலீஸ் வந்த ராத்திரி அம்மா இவரை அந்தக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, முன்னால் பெட்டியை இழுத்து வைத்திருக்கிறார். "இருமாதே" என்று மட்டும் சொன்னாராம். கதவு திறக்கிற சத்தம், அம்மா புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிற சத்தம், பெட்டிக்கு இந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்ததால் சிவப்பு மெழுகு வாசனை மூக்கில் ஏறிவிட்டதாம். இன்றைக்கும் அந்த வாசனை வருகிற வீட்டில் வேலை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார்.

சொல்லி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகளும் பக்கத்தில் நின்றாள். "என்ன தெரியுது?" என்று கேட்டாள். "சுவர்" என்றார்.

சட்டப்பறவை தம்பி, ஓர் உதவி வேண்டும். என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அக்கா பழைய வீட்டிலிருந்தே எங்களிடம் வருகிறார், 14 மாதம் ஆகிறது. வேலையின்மைக் காப்பீட்டிலும் விபத்து இழப்பீட்டிலும் நான் அவரைப் பதிவு செய்யவே இல்லை. மூன்று நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். 'வேலை தொடங்கிய தேதி' என்ற கட்டத்தில் பழைய தேதியைப் போட்டால் விட்டுப்போனதற்கெல்லாம் சேர்த்துக் கட்டச் சொல்வார்களா?

சட்டப்பறவை:

சொல்வார்கள் அக்கா, தாமதத்துக்கு அபராதமும் வரலாம். இருந்தாலும் உண்மைத் தேதியையே போடுங்கள். நாளைக்கு அவருக்கு வேலை போனாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு வரும். வேலையின்மைக் காப்பீட்டுக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் ஒரு சதவீதம், அவர் பங்கு ஒரு சதவீதம். விட்டுப்போன மாதங்களுக்கு அவர் பங்கையும் நீங்களே கட்டிவிடுங்கள், அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் பதிவு கட்டாயம், மூன்று நாள் என்பது அதைத் தாண்டும். விபத்து இழப்பீட்டுக்குத் தனிப் படிவம், 2021இலிருந்து வீட்டு முதலாளிகளும் பதிவு செய்ய வேண்டும். பெயரை அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதாதீர்கள்.

நெல்லைமகள்:

அட்டையை நாளைக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் நாங்கள் கூப்பிட்டது முந்தைய வீட்டார் வைத்த ஆங்கிலப் பெயர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சொந்தப் பெயரை மகளுக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். நான் இன்னும் சரியாகச் சொல்லப் பழகவில்லை.